தாத்தா கொடுத்த ரத்தம்

எங்கள் தாத்தா சலூன் வைத்திருந்தார். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்று யாராவது கேட்டால், "ஆண்டவருக்கும் பொழுது போகணுமில்ல" என்பார்.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் சவரத்தின் நடுவே தும்மிவிட்டார். கன்னத்தில் பொட்டு அளவு ரத்தம். தாத்தா கத்தியைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார், துண்டை மடித்து வைத்தார், பிறகு நிதானமாகத் தரையில் விழுந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அந்த வாடிக்கையாளர்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினார். மறுபடி விழக்கூடாதே என்கிற பயத்தில் தாத்தா அதற்குப் பிறகு பூவைத் தொடுவதுபோல் சவரம் செய்தார். கடையில் கூட்டம் அம்மியது.

இப்பேர்ப்பட்டவர்தான் எங்கள் வட்டாரத்தில் ரத்த தானத்துக்கு ஆள் பிடித்தவர். ஆஸ்பத்திரியில் ரத்தம் கிடைக்காமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இறந்துபோனதைப் போதகர் ஜெபக்கூடத்தில் கண்கலங்கச் சொன்னார். அந்த வாரமே தாத்தா இறங்கிவிட்டார். ஆள் பிடிக்கும் இடம், சலூன் நாற்காலி. கத்தி தொண்டைக்கு வரும்வரை ஊர்க்கதை பேசுவார். வந்ததும் குரலைத் தாழ்த்துவார்.

"உங்க ரத்தம் என்ன குரூப்?"

"பி பாசிட்டிவ்."

"ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க?"

தலையை ஆட்டி மறுக்க முடியாது. வாயால் மறுத்தாலும் தொண்டை அசையும். வாடிக்கையாளர் கண்ணை மட்டும் மூடித் திறப்பார். "ரொம்ப சந்தோஷம்" என்று தாத்தா மேற்கொண்டு மழிப்பார்.

அவரிடமே யாராவது, "நீங்க எப்போ குடுத்தீங்க?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நான் ஏற்பாடு பண்றவன். பந்தல் போட்டவனே மாப்பிள்ளையா உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

தாத்தாவின் இன்னொரு ஆயுதம் ஆர்மோனியம். ஜெபக்கூடத்தில் எல்லாப் பாட்டுக்கும் அவர்தான் வாசிப்பார். சுருதி சுத்தமாக இருக்கும். வேகம்தான் தாங்காது. துக்கப் பாட்டுகூட அவர் விரலுக்கு வந்தால் ஓட்டமும் நடையுமாகப் போகும். முன்வரிசையில் நின்று பாட்டை எடுத்துக்கொடுப்பவர் ஒரு பஸ் டிரைவர். நல்ல குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் உட்காரவைத்து, விசாரித்து, வழியனுப்பிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார்.

ஒரு நாள் தாத்தா பாட்டை முடித்துவிட்டு ஆர்மோனியத்தை மூடியபோது டிரைவருக்கு இன்னும் ஒரு சரணம் மிச்சம் இருந்தது. கூடமே சிரித்துவிட்டது.

"என்ன சலூன்காரரே, பொட்டிக்கு டீசல் போட்டிருக்கீங்களா?" என்றார் டிரைவர்.

"நீங்க பஸ்ஸுல காட்டுற வேகத்துல பாதியை இங்க காட்டினா போதும். அங்க ஜனங்க உசுரைக் கையில புடிச்சிட்டு வராங்க, இங்க தூங்குறாங்க."

அன்றோடு பேச்சு அறுந்தது. பாட்டு நம்பரைக்கூடப் போதகர் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் போதகருக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. டிரைவர் சவரத்துக்கும் வேறு கடை பார்த்துக்கொண்டார். அந்தக் கடைக்காரருக்குக் கை நடுக்கம். வாராவாரம் டிரைவர் முகத்தில் புதுப்புதுக் கீறலோடு முன்வரிசையில் நிற்பார். தாத்தா அந்தப் பக்கம் பார்க்காமலே வாசிப்பார். பகை என்று ஜனங்கள் நினைத்தார்கள். பார்த்தால் ஆர்மோனியத்தின் மேலேயே விழுந்துவிடுவோமே என்ற பயம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் காலையில் டிரைவரின் பஸ் பழுதாகி நின்றது. கீழே இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. தொடையெலும்பு உடைந்து நிறைய ரத்தம் போயிருந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும். குரூப் ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை.

டிரைவரின் மனைவி நேராகச் சலூனுக்குத்தான் ஓடிவந்தார். "அண்ணே, உங்ககிட்டதான் எல்லாருடைய கணக்கும் இருக்கு. யார்கிட்டயாவது சொல்லுங்கண்ணே."

அப்போது என் அம்மா கல்லூரிப் பெண். தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தாத்தா அந்த அம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடி நின்றார். உள்ளுக்குள் ஜெபிப்பதாக அவருக்கு நினைப்பு. அம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

"ஆண்டவரே, இத்தனை பேரைப் புடிச்சிக் குடுத்திருக்கேன். அதுல ஓ நெகட்டிவ் ரெண்டே ரெண்டு பேரு. ஒருத்தன் வெளியூர்ல இருக்கான். இன்னொருத்தன் நான். இது உமக்கே நியாயமா? அதுவும் அந்த ஆளுக்கா?" அப்புறம் பெருமூச்சு விட்டார். "சரி. விழுந்தா தாங்கிக்கும்."

வெளியே வந்து கடையை அடைத்தார். பாதி வெட்டிய தலையோடு காத்திருந்த ஒருவர், "என் தலை?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"தொப்பி போட்டுக்குங்க, வந்துடறேன்."

ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்ததுமே தாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டியது. நர்ஸ் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "ஐயா, எங்களுக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து தைரியம் சொல்லியிருக்கீங்க! எறும்பு கடிச்ச மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது மத்தவங்களுக்கும்மா."

கூடவே போயிருந்த அம்மா தன் கையால் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பை நிறையும்வரை தாத்தா தாங்கிவிட்டார். எழுந்தவர், "முடிஞ்சுதா? எங்க அது?" என்று திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

விழுந்தவரைத் தூக்கிக் கிடத்தக் காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். அது டிரைவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. தாத்தா கண் விழித்தபோது, ஆபரேஷனுக்காகக் காத்திருந்த டிரைவர் வலியில் முனகிக்கொண்டே ஜெபக்கூடத்துப் பாட்டொன்றை மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். தாத்தா சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"யோவ், அந்த வரியை முடிச்சித் தொலைய்யா. எனக்கே மூச்சு முட்டுது."

டிரைவர் தலையை மட்டும் திருப்பினார். "நீ எங்கய்யா இங்க?"

"உனக்கு ரத்தம் குடுக்க வந்தேன்."

"உன் ரத்தமா?" டிரைவர் நர்ஸைக் கூப்பிட்டார். "சிஸ்டர், அதைக் கொஞ்சம் மெதுவா ஏத்துங்க. ரொம்ப ஓடும்."

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் சிரிக்கப் போய்க் கால் வலித்து அலறினார். நர்ஸ் இரண்டு பேரையும் அதட்டினார். வாசலில் நின்ற டிரைவரின் மனைவி மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் பிழைத்தார். ஆனால் ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடக்கும்படி ஆகிவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டு டிப்போவில் டைம்கீப்பராகச் சேர்ந்தார். சவரத்துக்குத் தாத்தாவிடமே திரும்பி வந்தார். ஜெபக்கூடத்தில் அவர் பாட்டு எப்போதாவது வேகம் பிடித்தால், "நான் என்ன பண்றது? எனக்குள்ள ஓடுறது அந்தாளு ரத்தம்" என்று பழியைத் தூக்கித் தாத்தாமேல் போடுவார்.

அதற்குப் பிறகு தாத்தாவும் தவறாமல் ரத்தம் கொடுக்கத் தொடங்கினார். டிரைவரும் கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார், வேண்டுமென்றே இழுத்து இழுத்து. தாத்தாவுக்குக் கோபம் தலைக்கேறும். கோபம் வந்தால் அவருக்கு மயக்கம் வராது என்பதை அந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார்.

கடைசியில் ஒரு நாள், "ஐயா, உங்களுக்கு வயசாயிடுச்சு. இனிமே எடுக்கமாட்டோம்" என்றார் டாக்டர். தாத்தா விடவில்லை. தன் உடம்பு இரும்பு என்றார், தன் வயசைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றார், வரிசையில் நின்றவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஜனங்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். ஒருவர் பொன்னாடைகூடப் போர்த்தினார்.

வெளியே வந்ததும் தாத்தா தெருமுனைவரை கம்பீரமாக நடந்தார். திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பொன்னாடையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கூட வந்த அம்மாவின் காதருகே குனிந்தார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்மா. தப்பிச்சேன்."