மூன்றாவது கை

"கண்ணாடி அப்படியே இருக்கட்டுமா?" என்று சித்தப்பா கேட்டதும் பழக்கதோஷத்தில் மகளின் கை மேலே போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் கையும் உயர்ந்தது. துக்க வீட்டில் கை தூக்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டுச் சித்தப்பா வாசல் பக்கம் போனார். கூடத்தின் நடுவே அப்பா மூக்குக்கண்ணாடியோடு படுத்திருந்தார். இந்த ஓட்டெடுப்பில் அவர் மட்டும் கலந்துகொள்ளவில்லை.

அந்த வீட்டில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். அதைக் கொண்டுவந்ததே அப்பாதான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "முதல்லது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" என்று ஆயுள் முழுக்கக் கேட்டவர். அவரையே ஒரு சட்டை எடுக்கச் சொன்னால் துணிக்கடைக்காரன் விளக்கை அணைக்கும்வரை நிற்பார். வீட்டில் மூன்று பேர், அதனால் ஓட்டெடுத்தால் இழுபறிக்கே இடமில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆனால் கடைசியாகக் கை தூக்குவது எப்போதும் அவர்தான்.

இப்போது இழுபறி வந்துவிட்டது. மகளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. இரண்டிலும் ஒரே படிப்புதான், நிலவியல். சின்ன வயதிலிருந்தே வழியில் கல்லைக் கண்டால் குனிந்து எடுக்கிறவள் அவள். தனியார் பல்கலைக்கழகம் என்றால் இந்த வீட்டை விற்றாக வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் பஸ் செலவோடு போயிற்று. மகள் தனியாருக்குக் கை தூக்கினாள், அம்மா அரசுக் கல்லூரிக்கு. வாடகை வீடுகளில் வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தே பாதி வயதைக் கழித்தவள் அம்மா. இந்த வீட்டில் ஆணி அடிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம் என்பதை இன்னமும் ஆசையாகச் சொல்வாள்.

அப்பா அன்றைக்குக் கை தூக்கவில்லை. இரண்டு இடத்தையும் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நேற்று லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தும் வந்தார். சாப்பிட்டுவிட்டு, காலையில் சொல்கிறேன் என்று படுத்தவர் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எந்த இடம் என்பதை நாளை மதியத்துக்குள் இரண்டு இடத்துக்கும் தெரிவித்தாக வேண்டும்.

அப்பா யார் பக்கம்? மகளின் மண்டையை அது குடைந்துகொண்டே இருந்தது. அப்பா போய்விட்டார் என்பது இன்னும் சரியாக உறைக்கவில்லை. சொல்லாமல் போய்விட்டார் என்பதுதான் உறைத்தது. பெற்ற அப்பாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு இப்படி ஒரு ஆர்வமா என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அது அடங்கவில்லை.

அம்மாவிடம் விடிந்ததுமே கேட்டுப் பார்த்திருந்தாள். "ஒண்ணும் சொல்லலைடி. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்" என்றதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

சித்தப்பாவை வாசலில் பிடித்தாள். நேற்றுச் சாயங்காலம் அப்பா அவருக்குப் போன் செய்திருக்கிறார். தனியார் பல்கலைக்கழகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாராம். நூலகத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடியாம், அதில் ஒரு கைரேகைகூட இல்லையாம். காவலாளி முறைக்கும்வரை கிட்டே நின்று பார்த்தாராம். அண்ணன் தனியார் பக்கம்தான், எழுதியே தருவேன் என்றார் சித்தப்பா.

மகளுக்கு மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் கடையில் அப்பாவோடு வேலை பார்த்த அக்கா வந்து சேர்ந்தாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் மகள் மெல்லப் பேச்சைத் திருப்பினாள். நேற்று இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அப்பா கடைக்கும் போயிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கவர்மென்ட் காலேஜ்தான், சந்தேகமே வேண்டாம்" என்றாள் அக்கா. "கல்லெல்லாம் வச்சிருக்கிற ரூமுக்குச் சாவியைக் காணோமாம். வாத்தியார் அசரவே இல்லையாம். பசங்களைப் படிக்கட்டுல உக்கார வச்சு, அந்தப் படிக்கல்லையே காட்டிப் பாடம் நடத்தினாராம். உங்கப்பாவும் கூடவே உக்காந்துட்டார்."

"அங்கதான் சேக்கணும்னு அவரா சொன்னாராக்கா?"

அக்கா யோசித்தாள். அப்படிச் சொல்லவில்லை. உனக்கு எது சரியாகப் படுகிறது என்று கேட்டிருக்கிறார், இவள் அரசுக் கல்லூரி என்றிருக்கிறாள், அவர் தலையாட்டியிருக்கிறார். மகள் மறுபடி வாசலுக்குப் போய்ச் சித்தப்பாவைத் துருவினாள். அங்கேயும் அதே கதைதான். கேட்டவர் அப்பா, சொன்னவர் சித்தப்பா, ஆமாம் போட்டவர் அப்பா.

உள்ளே வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாட்சிகள் கைவிட்டதால் பழைய ஓட்டுகளை எடுத்துப் பார்த்தாள். மூன்று பேரும் ஒத்துப்போனவற்றைத் தள்ளிவிட்டு, அம்மா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நின்றவற்றை மட்டும் யோசித்தாள். கடைசியாகப் பூனை வளர்ப்பது. அதில் அப்பா அவள் பக்கம். அதற்கு முன் ஜன்னல் திரையின் நிறம். அதில் அம்மா பக்கம். அதற்கும் முன் கடலுக்குப் போவதா, மலைக்குப் போவதா? கடல் என்று ஜெயித்தது அவள். அதற்கு முன் குளிர்சாதனப் பெட்டி, அம்மா.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னும் பின்னால் போய்ப் பார்த்தாள். நினைவில் இருந்தவரை எங்குமே தப்பவில்லை. இவர் ஒருநாளும் எதையும் சீர்தூக்கிப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று முறை வைத்துக் கை தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நெற்றியைச் சுருக்கி, மோவாயைத் தடவி, பெரிய நீதிபதி மாதிரி நேரம் எடுத்துக்கொண்டதெல்லாம் வெறும் நடிப்பு. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். தோள் குலுங்குவதைப் பார்த்துக் கடை அக்கா வந்து முதுகைத் தடவினாள். தடவத் தடவ அது அழுகையாகவே மாறிவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை.

அழுது ஓய்ந்தபோது மிச்சக் கணக்கும் புரிந்தது. பூனை அவளுடையது. அப்படியென்றால் இந்த முறை அம்மாவுக்கு. அப்பா இன்று எழுந்திருந்தால் மோவாயைத் தடவிவிட்டு அரசுக் கல்லூரிக்குத்தான் கை தூக்கியிருப்பார். வீடு தப்பியிருக்கும். அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த நூலகம் ஒருமுறை கண்முன் வந்து போனது. ஆனாலும் விடை கிடைத்துவிட்ட நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

வண்டி கிளம்பிவிட்டதாம், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். அம்மா நகர்ந்து வந்து மகளை ஒட்டி உட்கார்ந்தாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைத்தான் மறுபடி சரிசெய்தாள்.

"ராத்திரி அவர் சொன்னார்" என்றாள்.

"என்னன்னு?"

"உன் பக்கம்தான்னு. வீடு என்ன வீடு, வித்துட்டுச் சேத்துடுவோம்னார்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் காலரை விட்டு நகரவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று காலையில் சொன்னதும் இதே வாய்தான். அப்பா இந்த ஒரு தடவை முறையை மீறியிருக்கலாம். மீறாமலும் இருந்திருக்கலாம். நிஜமாகவா, எப்போது சொன்னார், அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதற்கு முன்பா பின்பா, காலையில் ஏன் மறைத்தாய் என்று வரிசையாகக் கேட்பதற்கு இருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை.

"என் கையும் அதுக்குத்தான்" என்று அம்மா கையைத் தூக்கினாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இறக்கவில்லை.

மகள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா மறுபடி தூக்கப் பார்த்தாள். மகள் விடவில்லை.