நிருஷாவின் இரண்டு தாடைகள்

நாவற்குடாவில் பல் சீரமைக்கும் கிளினிக் நடத்திய ரிப்காவும் ஹில்மியும் கணவன் மனைவி, இருவரும் வைத்தியர்கள். அவர்கள் சண்டை பிடித்ததாக அயலில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நிருஷாவின் மண்டையோட்டுப் படம் வந்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது.

நிருஷா வந்தாறுமூலை வளாகத்தில் இறுதியாண்டு மாணவி. மேற்பற்கள் முன்தள்ளி நின்றதால் கம்பி போட வந்திருந்தாள். பக்கவாட்டில் எடுத்த தலை எக்ஸ்றேயில் எலும்புகளின் ஓரத்தைக் கோடாகக் கீறி, பாகைகளை அளந்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். ரிப்கா படத்தை ஒளிப்பெட்டியில் வைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலால் கீறினாள். யன்னலால் வந்த வாவிக்காற்றில் தாள் படபடக்க, ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டாள். கீழ்த்தாடை உள்ளே போயிருக்கிறது, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு பல் பிடுங்க வேண்டும் என்றாள். ஹில்மி அதே படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றி மவுசால் புள்ளிகள் வைத்தான். தாடையில் ஒரு பிழையும் இல்லை, ஒரு பல்லும் பிடுங்கத் தேவையில்லை என்றான்.

இரண்டு கீறல்களையும் நிருஷாவின் பெற்றோரிடம் காட்டியதுதான் பிழையாகிப் போனது. அம்மா சீதேவி தன் மோவாயைத் தொட்டுக் காட்டி, கையால் கீறியதைத் தள்ளி வைத்தாள்.

"இது மச்சாள்ர நாடி. என்ட புள்ளைக்கு இப்படி இல்ல. கொம்பியூட்டர்ல இருக்கிறதுதான் சரி, அப்படியே எங்கட அண்ணன்."

"எங்கட அக்காட நாடியில என்ன பிழை?" என்றார் அப்பா நல்லரத்தினம். அந்த நிமிடத்திலிருந்து அவர் பென்சில் கட்சி.

அடுத்த முறை செங்கலடியிலிருந்து நல்லரத்தினத்தின் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். சீதேவியின் அண்ணன் கதிர்காமத்தம்பியும் வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருவரும் பக்கவாட்டில் திரும்பி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்கள். அதைக் கண்ட மற்ற நோயாளிகளும் இங்கே இப்படித்தான் இருக்க வேண்டுமாக்கும் என்று ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளே வைத்தியர்கள், பழைய கீறலைப் பார்க்காமல் மறுபடி கீறிப் பார்ப்பதென்று உடன்பட்டார்கள். ரிப்காவின் பென்சில் இம்முறை, தாடையில் பிழையே இல்லை என்றது. கொம்பியூட்டர், கீழ்த்தாடை உள்ளே போயிருக்கிறதென்று நாலு பல்லையும் பிடுங்கச் சொன்னது. அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ரிப்காவுக்குத் தன் கைமேலும் ஹில்மிக்குத் தன் கொம்பியூட்டர்மேலும் நம்பிக்கை குறையவில்லை. பிடுங்கத் தேவையில்லை என்று அவளும், பிடுங்கத்தான் வேண்டும் என்று அவனும் முன்னிலும் உறுதியாக வாதாடினார்கள்.

புது முடிவு எட்டியதும் வெளியே நிலைமை இதைவிட மோசமாயிற்று. கொம்பியூட்டரை விட்டுக்கொடுக்க முடியாத சீதேவி, மச்சாளின் நாடி உண்மையில் லட்சணமானது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நல்லரத்தினமும் வேறு வழியில்லாமல் மச்சானின் தாடையைப் புகழ்ந்தார். அக்காவோ எழும்பி உள்ளேயே வந்துவிட்டாள்.

"டொக்டர், என்ட நாடியையும் ஒருக்காக் கீறிப் பாருங்க. உள்ளுக்குத்தான் போயிருக்கெண்டா அதையும் சொல்லுங்க. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

பல் பார்க்கும் சாய்வுக் கதிரையில் படுத்திருந்த நிருஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை பேர் தன் முகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருவர்கூடத் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்றிருந்தது அவளுக்கு.

"என்ட வாயை ஆராவது பாருங்களன். நான் இங்கதானே கிடக்கிறன்," என்றாள்.

வைத்தியர்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள். பிடுங்குவதா வேண்டாமா என்று பேச்சில் அடிபட்ட நாலு பற்களில் மேலே இருந்திருக்க வேண்டிய இரண்டும் அங்கே இல்லை. இரண்டு பக்கமும் வெறும் இடைவெளிதான் இருந்தது. பள்ளிக்கூடக் காலத்திலேயே பூச்சி அரித்த சூத்தைப் பல்லென்று பிடுங்கிவிட்டதாக நிருஷா சொன்னாள். வாயை ஹில்மி பார்த்திருப்பான் என்று ரிப்காவும், ரிப்கா பார்த்திருப்பாள் என்று ஹில்மியும் நினைத்திருந்தார்கள்.

அன்று பின்னேரமே வாய் அளவெடுத்தார்கள். மேற்பற்களை அந்த இடைவெளிக்குள் இழுக்கலாம், கீழே ஒன்றையும் தொடத் தேவையில்லை என்று முடிவாயிற்று. இருவரும் கடைசியாக ஒத்துப்போனது அதில்தான்.

கம்பி போட்ட பிறகு நிருஷா கிளினிக்குக்குப் போனால் நேரே போய்க் கதிரையில் படுத்து, யாரும் கேட்குமுன்னே வாயைத் திறந்துவிடுவாள்.