அவருகிட்ட சொல்லும்மா

“அவருகிட்ட சொல்லும்மா, பந்தலுக்குக் கீழ தண்ணி தெளிக்கணும்னு” என்றார் தலைமையாசிரியர் பாண்டுரங்கன். ‘அவர்’ எனப்பட்ட பி.டி. மாஸ்டர் அந்தோணிசாமி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். நடுவில் நின்ற மாணவி அம்சா அந்தப் பக்கம் திரும்பி, “தண்ணி தெளிக்கணுமாம் சார்” என்றாள்.

“காலையிலேயே தெளிச்சாச்சுன்னு சொல்லு.”

“தெளிச்சாச்சாம் சார்.”

இரண்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு சுதந்திர தினத்தன்று பாண்டுரங்கன் கொடியேற்றிவிட்டுப் பேசத் தொடங்கினார். வேலூர்ப் புரட்சியில் ஆரம்பித்தவர், உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அப்போது அந்தோணிசாமி நீளமாக ஒரு விசில் ஊதினார். ‘கலை’ என்று கத்தினார். பள்ளிக்கூடம் முழுவதும் நொடியில் கலைந்து மிட்டாய்த் தட்டை நோக்கி ஓடியது. பாண்டுரங்கன் மைக்கோடு தனியாக நின்றார். தேசம் விடுதலை பெறுவதற்கு முன்பே கூட்டம் விடுதலை பெற்றுவிட்டது. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

இதனால் நாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் அம்சாவுக்குத்தான். அவள் கோ-கோ அணியின் கேப்டன். சனிக்கிழமை விழுப்புரத்தில் போட்டி. தலைமையாசிரியர் அனுமதித்தால்தான் அணி போக முடியும். “அவரு வாயத் தொறந்து கேக்கட்டும்” என்றார் பாண்டுரங்கன். “நான் என்னாத்துக்குக் கேக்கணும்? புள்ளைங்கள அனுப்புறது அவரு கடமை” என்றார் அந்தோணிசாமி. இந்த விஷயத்தில் மட்டும் தூது செல்லாது என்று இருவரும் ஒரே மனதாகத் தீர்மானித்திருந்தார்கள். அம்சாவுக்குப் பத்தாவதோடு படிப்பு முடிகிறது. அதற்குமேல் காணை கிராமத்தில் அத்தை வீட்டுக் கரும்புத் தோட்டம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கரும்புத் தோட்டத்தில் கோ-கோ கிடையாது.

அந்த 1985-ஆம் ஆண்டை இளைஞர் ஆண்டு என்று உலகம் அறிவித்திருந்தது. இளைஞர்களிடம்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதை ஒட்டித் திண்டிவனம் பக்கமிருந்த அந்தப் பள்ளிக்கும் ஒரு சமாதானப் பயிற்சி முகாம் வாய்த்தது. மெட்ராஸிலிருந்து கிருஷ்ணவேணி என்ற பெண் ஜோல்னாப் பையோடு வந்து இறங்கினாள். பாண்டுரங்கன் துவக்கி வைத்தார். “பேசித் தீர்க்க முடியாத பகை இந்தப் பூவுலகில் இல்லை” என்று முழங்கினார், அந்தோணிசாமி நின்ற திசையை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிட்டு.

முதல் விளையாட்டில், எல்லாரும் குறுக்கும் நெடுக்குமாகக் கைகோத்து, பிறகு கையை விடாமல் சிக்கலை அவிழ்க்க வேண்டுமாம். பையன்களும் பெண்களும் கை கோப்பதா? பாண்டுரங்கன் இருமினார். கைக்குப் பதில் துண்டு கொடுக்கப்பட்டது. துண்டுகள் உண்மையிலேயே முடிச்சு விழுந்து, கடைசியில் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் சமாதானம் செய்ய முடிந்தது.

கிருஷ்ணவேணி அசரவில்லை. “உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சண்டையை நடிச்சுக் காட்டுங்க. பாதியில நான் கை தட்டுவேன். அப்ப நாற்காலி மாறி உட்கார்ந்து, எதிராளியாப் பேசணும்” என்றாள்.

அம்சாவும் அவளோடு ஆடும் ஆசியாவும் எழுந்தார்கள். நாற்காலிகளைக் கோ-கோ ஆட்டத்தில் உட்காருவதுபோல ஆளுக்கொரு திசை பார்த்துப் போட்டுக்கொண்டார்கள். ஆசியா, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றி, “உப்புச் சத்தியாக்கிரகம்!” என்றாள். அம்சா விசில் ஊதினாள். பிறகு பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்க முன்வரிசை வரை வந்தது. அந்தோணிசாமி கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டார். பாண்டுரங்கனின் காது சிவந்தது.

எதுவும் தெரியாத கிருஷ்ணவேணி கை தட்டினாள். நாற்காலி மாறியது.

இப்போது ஆசியா பி.டி. மாஸ்டர். “ஆறாவது படிக்கிற புள்ள ஒண்ணு வெயில்ல மயங்கி வுழுந்துடுச்சு சார். தூக்கிக்கினு ஓடறதுக்குத்தான் விசில் ஊதனேன். நீங்க கண்ணாடியக் கழட்டிட்டுப் பேசிக்கினு இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியல.”

பாண்டுரங்கன் நிமிர்ந்தார். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவரோடுதான் பேச்சே இல்லையே.

அம்சாவின் முறை. தலைமையாசிரியர் பக்கம் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. விழுப்புரம் மைதானம் கண்ணில் வந்துபோனது.

“பேச்சோட கடைசிப் பக்கத்துல ஒங்க பேருதான்யா எழுதி வெச்சிருந்தேன்” என்றாள். “நம்ம அந்தோணிசாமி மாதிரி மாஸ்டர் எந்த ஸ்கூலுக்கும் கெடைக்காதுன்னு. அதப் படிக்கறதுக்குள்ள விசில் ஊதிட்டீங்களே.”

அப்படி ஒரு பக்கம் கிடையாது. அந்தப் பேச்சை எழுதியவருக்கு அது தெரியும். அந்தோணிசாமி இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தார். வகுப்புக்கு வகுப்பு வாய்மை பற்றிப் பேசிய பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

“ஏம்மா அம்சா” என்றார் கடைசியில். “சனிக்கிழமை மொத பஸ்ஸுக்கே கெளம்பணும்னு அவருகிட்ட சொல்லு. நானும் வர்றேன்.”

“சரின்னு சொல்லும்மா” என்றார் அந்தோணிசாமி.

கிருஷ்ணவேணி பிரமாதம் என்று கை தட்டினாள். என்ன பிரமாதம் என்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

சனிக்கிழமை விழுப்புரம் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. ஒரு முனையில் பாண்டுரங்கன், மறு முனையில் அந்தோணிசாமி, நடுவில் அம்சா. வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் அவள் வழியாக இருபுறமும் போய் வந்தது; கடலைத் தோல் மூவரின் காலடியிலும் சேர்ந்தது. அழைப்பு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு ஓடினாள்.

முதல் ‘கோ’ கேட்டது. அந்தோணிசாமி எழுந்து நின்று கத்தினார். தொண்டை கட்டி, இருமிக்கொண்டு உட்கார்ந்தார். பாண்டுரங்கன் தண்ணீர்க் கூஜாவைத் திறந்தார். பக்கத்தில் பார்த்தார். அம்சா இல்லை. அவளுடைய ரப்பர் செருப்புகள், ஒன்றில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருக்க, நடுவில் இருந்தன.

அவர் குனிந்து செருப்புகளைப் பார்த்துச் சொன்னார்:

“அவரைக் கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லும்மா.”