அக்கா எதை அழுத்தினாள்?

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் கதைகளைப் போட்டுவைக்க ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. அதையே தொழிலாகச் செய்யும் தெரிந்தவர் ஒருவர், தளம் குடியிருக்கும் கணினியான சர்வரைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் ஏற்றி, ஓடவிட்டுக் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் அக்கா உங்க கதையை ஒண்ணு விடாமப் படிப்பா சார். அவகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு வாய் வரல. நீங்க கதையா எழுதிப் போட்டுடுங்க."

(சர்வர் என்றதும் ஓட்டலில் தண்ணீர் வைப்பவர் நினைவுக்கு வந்தால், உங்களுக்கும் என் வயதுதான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிய ஒரு மாலையில் சர்வர்காரர் தன் வாழ்வின் மிகப் பெரிய'

வேண்டாம். அன்று மழையே இல்லை.

சர்வர்காரர் வீட்டுச் செருப்பு அலமாரிக்கு மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. இந்த வரி இருக்கட்டும். இதற்கு முன் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெரிய சர்வர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதன் விசிறி போட்ட சத்தத்தில், "இது வீடா, மில்லா?" என்று மனைவி கேட்டுவிட்டார். பிறகுதான் இந்தப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றதும் அப்படியே எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். குடும்பத்தில் எல்லார் ஃபோனையும் இதனோடு இணைத்தார்; ஃபோனில் சேர்வதெல்லாம் தானாகவே இதிலும் சேரும். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

3

அக்காவின் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்தினார்கள். அதன்பின் குழந்தை சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அக்கா ஃபோனில் பதிவுசெய்தாள். முதல் சொல், 'வா'. அதைச் சொல்ல ஐந்து மாதம் ஆனது.

4

ஒருநாள் அக்கா கூப்பிட்டாள்.

"ஃபோன்ல இடமே இல்லடா. பாப்பா பேசினதெல்லாம் அழிச்சிடட்டுமா?"

"தைரியமா அழிச்சிடுக்கா. எல்லாம் நம்ம பெட்டில பத்திரமா இருக்கு."

அழித்தாள்.

பெட்டியை அமைத்த அன்று, 'ஒருபக்கம் மட்டும்' என்பதற்குப் பதில் 'இருபக்கமும்' என்ற கட்டத்தில் அவர் டிக் போட்டிருந்தார். ஃபோனில் அழிந்தால் பெட்டியிலும் அழியும். ஒரு டிஸ்க் அழித்ததை மற்றதும் விசுவாசமாக அழித்தது. அழித்தவை கொஞ்ச நாள் தங்கும் குப்பைத்தொட்டியை, இடத்தை அடைக்கிறதென்று அவரே மூடியிருந்தார். அலுவலகத்தில் வேறு கட்டிடத்தில் மூன்றாவது பிரதி வைக்காமல் எந்த சர்வரையும் ஒப்படைக்க மாட்டார். இது வீட்டுக்குத்தானே என்று விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தன் பழைய குரலைக் கேட்க வேண்டுமென்றாள் மகள். தேடிய அக்கா பதறிப்போய்த் தம்பி வீட்டுக்கு ஓடிவந்தாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். அந்த டிக் கண்ணில் பட்டது. தலைகுனிந்து சொன்னார்: "நான்தான் சரியாப் பாக்கலக்கா."

5

மேலே உள்ள கடைசி வரி என் கைவண்ணம். உங்களுக்கு அவரைப் பிடிக்க வேண்டுமே என்று எழுதினேன். என் வரைவுகள் இருப்பது அவர் சர்வரில். அவரும் திறந்து படிக்கலாம். மறுநாள் காலை பார்த்தால் அந்த வரிக்குக் கீழே புதிதாக ஏதோ இருந்தது:

[நான் அப்படிச் சொல்லல சார். "நீ என்னத்தக்கா அழுத்தின?"ன்னு கேட்டேன். அவ அழுதா. பரவால்லக்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான்னு சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தைத்தான் சார் என்னால மன்னிக்க முடியல.]

ஐந்து வருடமாகிறது. இன்றுவரை அக்கா எந்தப் பொத்தானையும் மகளைக் கேட்காமல் அழுத்துவதில்லை. நாலு பேர் கூடினால், "என் தம்பி பாத்துப் பாத்து செஞ்சு குடுத்தான். நான்தான் நாசம் பண்ணிட்டேன்" என்கிறாள். தம்பி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அக்கா தம்பி தலையில் ஒரு குட்டு வைத்துச் சிரிக்கிறாள். (சினிமா.) அக்கா அதன்பின் பேசுவதேயில்லை. (இதுவும்.) மகள் வந்து, "என் பழைய குரல் எதுக்கு மாமா, இப்பதான் பேசறேனே" என்கிறாள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அப்புறம் வெட்டிவிட்டேன். ஒரு குழந்தையின் வாயை வைத்து அவரை மன்னிக்க நான் யார்?

நேற்று அவர் கூப்பிட்டார். "போட்டுட்டீங்களா சார்?"

"மொதல்ல நீங்க போய்ச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை போறேன் சார்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

'வெளியிடு' பொத்தானை நான் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கடவுச்சொல் அவரிடமும் இருக்கிறது.

ஆகவே, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அழுத்தியது அவர்தான். அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு அழுத்தினாரா, சொல்ல முடியாமல் அழுத்தினாரா என்பது எனக்குத் தெரியாது. அதை உங்களிடம் விடுகிறேன்.

படிப்பது அந்த அக்காவேயானால்: அம்மா, நீங்கள் எதையும் தப்பாக அழுத்தவில்லை.