சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு இடப்பக்கம்

1

இந்தக் கதை எனக்கு முதலில் இரண்டு வாக்கியங்களாகத்தான் கிடைத்தது.

"குடை கொண்டுவந்தீர்களா?"

"ஒரு குடைதான் இருக்கிறது."

முதலாவது தம்பிராஜா வாத்தியாருடையது, இரண்டாவது கமலவேணி டீச்சருடையது. ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னதில்லை. ஒரே அறையில், அவரவர் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

2

ஆரம்பம் இப்படி இருக்கலாம்: 1943இல், மலாக்கா காஜா பேராங்கில், ஜப்பான்காரர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையைப் பிடுங்கி லாரி டயர்களை…

(வேண்டாம். டயர் நாற்றத்தில் காதலா? ஆனால் டயர்தானே இருவரையும் ஓரறையில் சேர்த்தது. இருக்கட்டும்.)

ஓரறையை இரண்டு ஆசிரியர்கள் எப்படிப் பகிர்வது? முதல் வாரம் ஒருவர் நடத்தினார். மற்றவர் ஜப்பான் அதிகாரி வருகிறாரா என்று வாசலில் நின்று பார்த்தார். அடுத்த வாரம் வாத்தியார் நடத்த, டீச்சர் பெஞ்சுகளுக்கிடையே நடந்து பிழை திருத்தினார்.

"பிள்ளைங்கள விட்டுட்டு என்னையே திருத்துறீங்களே, டீச்சர்."

"கூட்டினது தப்புன்னா திருத்தத்தானே வேணும், சார்?"

நாங்கள் சிரித்தோம். வாத்தியாரும்.

மூன்றாம் வாரம் வாத்தியார் கரும்பலகையின் நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். இடப்பாதி அவருடைய மூன்றாம் வகுப்பு, வலப்பாதி டீச்சருடைய நாலாம் வகுப்பு. கோட்டுக்கு நேராக, அதை ஒட்டிய வலப்பக்க இடத்தில் நான். மற்றவர்களுக்கு ஒரு குரல்தான் பாடம். எனக்கு இரண்டும் கேட்டன.

3

(இப்போது பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருக்கும் பூங்காவனம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுடி. வெறும் டிக்டேசன். ஊபிக்கிழங்கத் தின்னு தின்னு உனக்குக் காது அடைச்சிருந்திச்சி."

"வெயில் கொளுத்துற நாள்ல குடை எதுக்குடி?"

"எனக்கென்ன தெரியும்? நான் பிழையில்லாம எழுதுற கவலையில இருந்தேன்."

அவளை நம்பினால் கதை இல்லை. அவளை நம்பாமலும் முழுதாக எழுத…)

4

வாத்தியாருக்குக் கொஞ்சம் ஜப்பான் பாஷை தெரியும். இரண்டு வகுப்புக்கும் அவரே அதைக் கற்றுக்கொடுத்தார். அதுவே வினையாயிற்று. ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தவர்கள், மொழிபெயர்க்க வரும்படி அவரைக் கேட்டார்கள். 'கேட்டார்கள்' என்பது மரியாதைக்கு நான் போட்ட சொல்.

கடைசி நாள், மணி பத்து, சொல்வதெழுதுதல் நேரம். முதலில் இடப்பக்கக் குரல்.

"மூன்று மாதத்தில் திரும்பலாம் என்கிறார்கள்."

"யார் சொன்னார்கள்?"

"காத்திருக்க முடியுமா?"

வலப்பக்கம் நாங்கள் அடுத்த வாக்கியத்துக்காகச் சிலேட்டுக் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தோம்.

"டீச்சர், அடுத்தது?" கேட்டவள் பூங்காவனம்தான். கேட்டதே இல்லை என்று இன்று சத்தியம் செய்கிறாள்.

"அடுத்தது நாளைக்கு," என்றார் டீச்சர்.

மறுநாள் விடிவதற்குள் லாரி வாத்தியாரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

5

முடிவு (அ): சண்டை ஓய்ந்தபின் ஒரு காலை, காய்ச்சலில் கறுத்துப்போன ஒருவர் வாசலில் நின்று…

முடிவு (ஆ): இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் குடும்பம் அடுத்த வருடமே மரவள்ளிக் கிழங்கு நடக் குருபோங் பக்கம் போய்விட்டது. அவர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு வகுப்பையும் டீச்சர் ஒருவரே நடத்தினார். பலகையின் இடப்பாதியில் மட்டும் எழுதவே இல்லை. தினமும் பத்து மணிக்கு எங்கள் பக்கம் வந்து முதல் வாக்கியம் சொல்வார்.

"காத்திருக்க முடியும்."

எழுதுவோம். பிறகு இடப்பக்கம் திரும்பிச் சும்மா நிற்பார்.

"எங்களுக்கு, டீச்சர்?" என்பார்கள் அந்தப் பிள்ளைகள்.

"உங்க சார் சொல்வாரு."

நான் வலப்பக்கம் படித்தவள். என் பாதியை எழுதிவிட்டேன். இதைப் படிக்கும் நீங்கள் எந்தப் பக்கம் என்று இதுவரை நான் சொல்லவில்லை. இடப்பக்கம்தான். சிலேட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள். மணி பத்து.