பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம்

...மெதுவாக, இன்னும் மெதுவாக, கிளம்பும்போது வீரம் காட்டுகிறவன் பாதி வழியில் மரத்தடியில் கிடப்பான் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னது சரிதான், போன வாரம் கிடந்தேனே, ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, உயிர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்... பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகமாம், பேச்சு மூச்சில் அறுந்தால் கியரைக் குறைக்க வேண்டுமாம். யாரோடு பேசுவது? அதை அவர் சொல்லவில்லை. மனைவி இறந்த பிறகு வீட்டில் குக்கர் மட்டும்தான் வாய் திறக்கிறது, அதுவும் ஒரு விசிலோடு சரி. அதனால் மகனோடு பேசுகிறேன், சத்தமாகவே, ஒரு வாரம் மிதித்தால் அவன் ஊர், அவன் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடு. எதிரே வருகிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

பாருப்பா, கேரியர்ல தொங்குற ரெண்டு பையிலயும் தண்ணி பாட்டிலா ரொப்பிட்டுப் பழகுறேன், வெறும் வண்டில பழகினா சுமை ஏத்தின அன்னைக்குக் கால் காட்டிக் கொடுத்துடும்... சீட்டைக் கொஞ்சம் உசத்தினேன், முட்டி வலி போன இடம் தெரியல. காலம் முழுக்க உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்த இடுப்பு, நாற்காலி வடிவத்திலேயே உறைந்துவிட்டது, அதைத்தான் இன்னும் தாஜா பண்ண வேண்டியிருக்கிறது. தாகம் எடுக்கும் முன்பே குடி, பசிக்கும் முன்பே தின்னு என்கிறார் கடைக்காரர், எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்யத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படித் தனியாகப் பாலம் ஏறுகிறேன்?

பாலத்தின் ஏற்றம். பேச்சு அறுபடவில்லை, நல்லது. நேற்று போனில்கூட மகன் நன்றாகத்தான் பேசினான், முட்டி எப்படி இருக்கு, பிரேக் பார்த்தீங்களா, மழை வந்தா ஒதுங்கிடுங்கப்பா, எல்லாம் கேட்டான்... எல்லாமா? கடைக்காரர், என்னைக்குங்க கிளம்புறீங்க என்றார். மாடி வீட்டம்மா, என்னைக்குப் போய்ச் சேருவீங்க என்றாள். முகம் மட்டும் தெரிந்த தபால்காரர்கூடக் கேட்டார். அவன் கேட்கவில்லை. வேலை மும்முரம், மறந்திருப்பான், மருமகளுக்கும் இரவுப் பணி, மனுஷன்தானே. நானாவது சொல்லியிருக்கலாமே, என்ன தடுத்தது?

உச்சியில் ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தேன். வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை உன் வீட்டு வாசல்ல இருப்பேன், இவ்வளவுதான், இதைச் சொல்ல எவ்வளவு நேரம்? அன்னைக்கு நாங்க ஊர்ல இருக்க மாட்டோமேப்பா என்று பதில் வந்துவிட்டால்... சரி, அடுத்த வாரம் வர்றேன் என்பேன், அதற்கும் ஏதாவது வந்துவிட்டால்... கீழே ரயில் ஒன்று போய் முடிந்தது. போனைப் பைக்குள் போட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பழகிக்கிறேன்பா, முட்டி முழுசாச் சரியாகல என்றேன், சத்தமாகத்தான் சொன்னேன், முட்டியில் ஒரு பொட்டு வலி இல்லை.