அணைக்கு இரண்டு பூட்டு

கரம்பொனில் என் வாய்க்குப் பயந்து நான் வருவதைக் கண்டதும் படலையைச் சாத்துகிறவர்கள் உண்டு. அதனால்தான் வாசிகசாலைக் கூட்டத்தில் எங்கள் கரைத்தெரு ஆட்கள் என்னை முன்கதிரையில் கொண்டுபோய் இருத்தினார்கள். எனக்கும் பேச வேண்டியிருந்தது. போன மாரியில் என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மெத்தை, அலுமாரி, என் மனுசன் அன்ரனிதாஸின் வலைகள் எல்லாம் நாறிப் போயின. வருசம் தவறாமல் கட்டுப்பணம் வாங்கிய காப்புறுதிக்காரர், "இது இயற்கை வெள்ளமில்லை, அணையை ஊர் ஆக்கள்தானே திறந்தது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்றால் உயிர். வயல்பக்கத்து மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடாமலும், கடல் உள்ளே வந்துவிடாமலும் வாய்க்கால் முடிகிற இடத்தில் ஓர் அணை இருக்கிறது. அதன் நடுவில் ஏற்றி இறக்கும் பலகைகள். மாரி தொடங்கியதும் பலகைகளை இறக்கிப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அந்தப் பூட்டின் திறப்பு, வயல் செய்கிற கமக்காரர்களின் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் இடுப்பில் இருக்கும். அணைக்கு உட்புறத்தில், பள்ளத்தில் இருப்பது மீன்பிடிக்கிற எங்கள் தெரு.

போன மாரியில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுவதைக் கண்டு அண்ணை இரக்கப்பட்டு ஓடிவந்து பலகையைத் தூக்கினார். வானத்தைப் பார்க்க அவருக்குத் தெரியும், கடலைப் பார்க்கத் தெரியாது. வாடைக்காற்று தள்ளித் தள்ளி, கடல் உள்தண்ணீரைவிட உயர்ந்து நின்ற நேரம் அது. உள்ளே நின்ற தண்ணீர் வெளியே போகவில்லை, கடல்தான் உள்ளே வந்தது. எங்கள் வீடுகளும் போயின, கமக்காரருடைய கிணறுகளும் உப்பாகின. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ஆனால் கேட்கிற வழக்கம் இல்லை. அணையும் கிணறும் அவர்களுடையவை, கடல் எங்களுடையது என்றே இரண்டு பகுதியும் இருந்து பழகிவிட்டோம்.

கூட்டத்துக்கு வந்த காப்புறுதி உத்தியோகத்தர் பிரியதர்சினி, காரைநகர்ப் பிள்ளை. கொம்பனி கொண்டுவந்த புதிய விதியை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இனி வீடு வீடாக் காப்புறுதி இல்லை. ஊரா ஒண்டாச் சேரவேணும். அணையை ஆர், எப்ப திறக்கிறது எண்டதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். இந்த மாரியிலை அது சரியா நடந்தால் எல்லாரையும் சேர்ப்பம். பிழையாப் போச்செண்டால், கரைத்தெருவை விட்டுப்போட்டுத்தான் மற்ற ஆக்களைச் சேர்க்கலாம்."

விட்டுப்போட்டு என்ற சொல் என்னைச் சுட்டது. எழும்பினேன்.

"மாரி முழுக்கப் பலகையைத் தூக்கி வையுங்கோ. எங்கடை தெருவுக்குத் தண்ணி வராது. அலுவல் முடிஞ்சுது."

ஆழ்வாப்பிள்ளை அண்ணை கோபிக்கவில்லை. "தூக்கி வைக்கலாம் றஞ்சனி," என்றார். "பங்குனியிலை நீங்கள் ஆரின்ரை கிணத்திலை அள்ளுவியள்?"

அவர் கேட்டது நியாயம். எங்கள் தெருக் கிணறுகள் எப்போதும் உவர். குடிக்கவும் உலை வைக்கவும் அவருடைய தோட்டக் கிணற்றில்தான் அள்ளுகிறோம். அது உப்பான பிறகு தண்ணீர்ப் பவுசர் வரும் வரைக்கும் குடங்களோடு வெயிலில் காய்ந்தவள் நான். மழைத் தண்ணீரைக் கடலுக்கு விடு என்றால் என் குடத்தை நானே கவிழ்க்கிறேன் என்று அர்த்தம்.

இருந்தாலும் பேசாமல் உட்கார எனக்கு ஏலாது. "அப்ப அணைக்கு ரெண்டு பூட்டுப் போடுவம்," என்றேன். "ஒரு திறப்பு உங்களிட்டை, மற்றது எங்களிட்டை. வயலைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கோ, கடலைப் பார்த்து நாங்கள் சொல்லுறம். ரெண்டு பேரும் ஓமெண்டால்தான் பலகை எழும்பவேணும்."

அண்ணை இடுப்பிலிருந்த திறப்பைத் தடவினார். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டை விட்டு வெளியே போகாத அதிகாரம் அது. பிறகு "ஓம்" என்றார். எங்கள் பக்கத்துத் திறப்பை என் கையில் தந்தார்கள்.

கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஒரு நாள் விடியப்புறம் எழும்பிப் பார்த்தால் வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் என் வாசற்படியில் நின்றது. தெருவிலேயே பள்ளம் என் வீடுதான். அன்ரனிதாஸ் அரிசி மூட்டையை அலுமாரிக்கு மேலே ஏற்றினார். நான் திறப்பை எடுத்துக்கொண்டு அணைக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் அரைவாசித் தெரு வந்தது.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னமே அங்கே நின்றார். தன் பூட்டைத் திறந்தும்விட்டார்.

"வயல் நிரம்பிட்டுது. உம்மடை பூட்டைத் திறவும்."

நான் மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். வாடை ஓங்கி அடித்தது. கடல் மேல்பலகையில் வந்து அறைந்துகொண்டிருந்தது, உள்தண்ணீரைவிட நன்றாக உயரத்தில்.

"இல்லை அண்ணை. கடல் ஏறி நிக்குது. வத்தட்டும்."

"உம்மடை குசினிக்கை தண்ணி போகுது."

"தெரியும். இப்ப திறந்தால் கடலும் சேர்ந்து போகும்."

பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கமக்காரரின்ரை கிணத்துக்காக எங்களைத் தாழ்க்கப் போறியே? தா திறப்பை."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. பயமாகவும் இருந்தது. நான் கணித்தது பிழையாகப் போனால், மழை இன்னும் வலுத்தால், கரைத்தெருவைக் காப்புறுதியிலிருந்து தள்ளிவிட்டவள் என்று என் பெயர்தான் நிற்கும். திறப்பைச் சட்டைக்குள் போட்டேன். அணையில் குந்தினேன். அண்ணையும் பக்கத்தில் வந்து குந்தினார். தன் சாக்கில் பாதியை என் தலைக்கு இழுத்துவிட்டார்.

மத்தியானமளவில் காற்றுத் தணிந்தது. வெளிப்பக்கத்தில் பலகையின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியது. கடல் இறங்கி இறங்கி உள்தண்ணீருக்குக் கீழே போனதும் நான் எழும்பினேன்.

"இப்ப, அண்ணை."

என் பூட்டையும் திறந்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேல்பலகையைத் தூக்கினோம், பிறகு அடுத்ததை. தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. தெருவில் தண்ணீர் குறையக் குறைய, என்னை ஏசியவர்களே வந்து பலகைக்குத் தோள் கொடுத்தார்கள். மரியநாயகி அக்கா ஒரு போத்தல் சுடு தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

என் வாசற்படி வெளியே தெரிந்தது. அண்ணை பலகையை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் ஓடட்டும். உம்மடை வீடு வடிவாக் காயட்டும்."

"போதும், இறக்குங்கோ," என்றேன். "பங்குனியிலை நாங்கள் ஆரின்ரை கிணத்திலை அள்ளுறது?"

மழைக்குள் நின்று அந்த மனுசன் வயிறு குலுங்கச் சிரித்தார். பலகைகளை இறக்கி, முதலில் அவர் பூட்டினார், பிறகு நான் பூட்டினேன்.

பங்குனியில் பிரியதர்சினி வந்தார். அணையைப் பார்த்தார், இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். என் வீட்டுக்கும் வந்து குசினிச் சுவரில் தண்ணீர் நின்ற தடத்தைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே அது ஏறவில்லை. தெருவில் வேறு எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை.

"ஊர் முழுக்கச் சேர்த்தாச்சு அக்கா," என்றார். "கரைத்தெருவும் சேர்த்துத்தான். இனிப் பக்கத்து ஊராக்களுக்கு உங்கடை அணையைத்தான் காட்டப் போறம்."

நான் குசினிக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் செம்பைப் பார்த்தார்.

"நல்ல தண்ணியாக் கிடக்கு. எந்தக் கிணறு?"

அவரோடு கூட வந்து கதிரையில் இருந்த ஆழ்வாப்பிள்ளை அண்ணை சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்கடை கிணறு."

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். "ஓம், எங்கடை கிணறுதான்," என்றார். பிறகு வாசலுக்கு வெளியே மினுங்கிக்கொண்டிருந்த கடலைக் காட்டினார். "அதுவும் எங்கடைதான் பிள்ளை."

எவருக்கும் கடைசிச் சொல்லை விட்டுக்கொடுக்காத நான், அன்றைக்கு அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.